இல்லாத ஏரிக்கு நான்கு கோர்

இரண்டு குளிரூட்டிகளில் ஒன்று ஜூனில் செத்தது.
புதியது கேட்டு அனுப்பிய கோப்பு
அமைச்சகத்தில் எந்த மேசையில் தூங்குகிறதோ.
பாதி எந்திரங்களை அணைத்துவிட்டேன்.
மிச்சம் அறுபத்து நான்கு கோர்,
அதை வைத்துத்தான்
நிறுவனம் முழுக்கக் கணக்குப் போட வேண்டும்.

பிஷ்கெக்கின் ஜூலை இரவு.
கட்டடத்தில் குளிர்ந்திருப்பது இந்த அறை ஒன்றுதான்.
காவலாளி ஷைலோபெக்
முதல் ராக்கின் முன்னால் ஒரு தர்பூசணியை வைத்திருக்கிறார்.
விதிப்படி தவறு.
நான் பார்க்கவில்லை.

பத்து மணிக்கு உல்கான் அழைத்தாள்,
பள்ளத்தாக்கிலிருந்து, காற்று இரைச்சலுக்கு நடுவே:
மதியத்திலிருந்து நாற்பது சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது,
பனியணை தாங்குமா என்று விடிவதற்குள் தெரிய வேண்டும்,
முப்பத்திரண்டு கோர் கொடு.

திரையில் வரிசையைப் பார்த்தேன்.
நிலநடுக்கப் பிரிவு கெஞ்சேபெக்குக்கு நாற்பது.
ஒன்பது நாளாக ஓடுகிறது, இன்னும் இரண்டு நாள்.
நடுவில் சேமிக்கும் வழியை அவன் எழுதவில்லை;
நிறுத்தினால் ஒன்பது நாளும் போச்சு.
பந்தியில் உட்கார்ந்து
பாதி சாப்பிட்டவனை எழுப்புவது எப்படி?
வானிலைக்குப் பன்னிரண்டு.
சம்பளப் பட்டியலுக்கு எட்டு:
முந்நூற்றுப் பன்னிரண்டு பேர், அதில் நானும்.

வானொலி நாளைக்கு
நேற்றைய வெயிலையே வாசிக்கட்டும்.
சம்பளம் ஒரு நாள் பொறுக்கட்டும்.
இருபது ஆயிற்று.

"இருபதில் ஓடுமா?"
"இருபத்து நான்குக்குக் கீழே வலை பிரியாது."
"இருபத்து நான்கில்?"
"ஓடும், மெதுவாக.
தண்ணீர் மெதுவாக வராது, தெரியுமில்லையா?"

தெரியும்.

இன்னும் நான்கு.
வரிசையின் அடியில் ஒரு பெயர், தெமிர்குல்.
வேலையை விட்டு ஐந்து வருடம் ஆகிறது,
நோவோசிபிர்ஸ்கில் குளிர்பதன லாரி ஓட்டுகிறான்.
ஆனால் அவன் எழுதிய நிரல்
ராத்திரி தவறாமல் பதினொரு மணிக்கு எழுந்து
பதினேழாம் எண் ஏரியின் மட்டத்தைக் கணக்கிடுகிறது.
ஆறு கோடைக்கு முன் உடைந்த ஏரி.
ஒரு பாலத்தையும் இரண்டு குதிரைகளையும்
கொண்டுபோன ஏரி.
இப்போது அங்கே கூழாங்கல்தான்.
பதிவுக் கோப்பைத் திறந்தேன்.
மட்டம் 0.00
மட்டம் 0.00
விரல் வலிக்கும்வரை கீழே இறங்கினேன்.
மட்டம் 0.00

எந்தக் கையேடும் கேட்கச் சொல்லவில்லை.
இருந்தும் அழைத்தேன்.

"இன்னும் ஓடுகிறதா அது?" சிரித்தான்.
லாரி எங்கோ ஓரமாக நிற்பது கேட்டது.
"பூஜ்யம்தானே?"
"பூஜ்யம்தான்."
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"அன்றைக்கு நான் வரிசையில் பதினோராவது," என்றான்.
"காலையில்தான் இடம் கிடைத்தது.
விடை சரியாகத்தான் வந்தது,
பாலம்தான் இல்லை."

அன்றைய வரிசையை எழுதியது யார் என்று
அவன் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா,
இப்போதும் தெரியவில்லை.

"நிறுத்திவிடு," என்றான்.
"நான்கும் அவளுக்குக் கொடு."

ஒரே வரிக் கட்டளை.
எண்டர் விசைமேல் என் விரல்
தேவைக்கு மேல் ஒரு நொடி இருந்தது.

நாலே முக்காலுக்கு உல்கானின் விடை வந்தது.
அணை தாங்கலாம், தாங்காமலும் போகலாம்,
கணிப்பின் கோடு இரண்டு பக்கமும் அகலமாக இருந்தது.
அவள் அதோடு நிற்கவில்லை,
கீழே இரண்டு ஊர்களை எழுப்பி மேட்டுக்கு ஏற்றினாள்.
இதை எழுதும்வரை ஏரி உடையவில்லை.
வீண் அலைச்சல் என்று ஊர்க்காரர்கள் திட்டுகிறார்களாம்.
திட்டட்டும்.

எட்டு மணிக்குக் கெஞ்சேபெக் வந்தான்,
பத்தாம் நாள் என்று திரையைத் தட்டிக் கொடுத்தான்.
அவன் இலைக்கு எவ்வளவு பக்கத்தில்
என் கை போய் வந்தது என்று
அவனுக்குத் தெரியாது.

ஷைலோபெக் தர்பூசணியை வெட்டினார்.
ஆறு துண்டு, ஏழு பேர் நின்றோம்.
எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

கத்தியை வாங்கிக்கொண்டேன்.
கணக்குப் பிரிவிலிருந்து
தொலைபேசி மூன்றாம் முறையாக அடித்தது.